வடக்கு பார்த்து வெட்டிய பாவாடை

ஹால்வர் டோலஃப்சன்,
ரயில்பாதைத் தெரு,
நூர்விக், மின்னசோட்டா.
1984 ஜூலை 30, திங்கட்கிழமை.

தையல் பேட்டர்ன் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கடிதப் பிரிவில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய திருமதி கான்ஸ்டன்ஸ் ஹாட்லி அவர்களின் மேலான கவனத்துக்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் அலுவலகத்தில் கத்தரிக்கோல் பிடிக்கிற அத்தனை பேரும், பத்து விரலும் பத்திரமாக, நலமாக இருக்க வேண்டும் என்று முதற்கண் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் என் மனைவியும் சுகம். கொசுக்களும் சுகம். நேற்று மழை பெய்தது, சோளத்துக்கு நல்லது.

தங்கள் பேட்டர்ன், அதாவது துணி வெட்டும் மாதிரித் தாள், வரும் உறையின் பின்புறம், 'சந்தேகமா? எனக்கு எழுதுங்கள்' என்று தங்கள் கையெழுத்தோடு அச்சிட்டிருக்கிறது. அச்சில் இருப்பதை நம்புகிறவன் நான். ஆகவே எழுதுகிறேன். கோபமாக எழுதவில்லை. எங்கள் ஊரில் யாரும் கோபமாக எழுதுவதில்லை. என்னிடம் இருப்பது ஒரு புகாரும் நான்கைந்து சந்தேகங்களும்தான். புகாரை முதலில் சொல்லிவிடுகிறேன். விளக்கத்தாள் மூன்று பக்கம் என்று உறையில் போட்டிருக்கிறீர்கள். எனக்குக் கிடைத்தது ஒன்றாம் பக்கமும் மூன்றாம் பக்கமும். இரண்டாம் பக்கத்தைக் காணோம். பிரித்தபோது எண்ணிப் பார்க்காதது என் தப்பு. முப்பத்தாறு வருடம் இந்த மாவட்டத்தின் சர்வேயராக இருந்தவன், எண்ணாமல் வாங்கிக்கொண்ட ஒரே காகிதம் தங்களுடையதுதான். இது என் மனதை அறுக்கிறது.

பாவாடை எனக்கல்ல. என் மனைவி ஆர்டிஸுக்கு. மே மாதம் அவளுக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தையல். காயம் ஆறிவிட்டது, ஆனால் ஆர்டிஸ் எழுந்திருக்கவில்லை. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவளோ முன்னறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் தண்டவாளத்தில் ஒரு நாளைக்கு ஒரு சரக்கு ரயில்தான் வரும். அது போன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால், "இடுப்புல எதைக் கட்டினாலும் உறுத்துது ஹால்வர். நைட்டியைப் போட்டுக்கிட்டு எங்க போறது?" என்றாள். ஜூலை கடைசி சனிக்கிழமை மாவட்டச் சந்தை. அங்கே எங்கள் சர்ச் பெண்கள் போடுகிற கடையில் லெஃப்ஸா சுடுவது ஆர்டிஸ். உருளைக்கிழங்கு ரொட்டிதான், ஆனால் பக்குவம் தப்பினால் அட்டை. இருபத்தாறு வருடமாக அந்தக் கல்லுக்குப் பின்னால் வேறு ஆள் நின்றதில்லை. இந்த வருடம், "வெர்னாவையே நிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டாள். வெர்னா லுண்டே சுடும் ரொட்டியைப் பற்றி ஆர்டிஸ் இத்தனை வருடமாக என்னிடம் மட்டும் சொல்லிவருவதை ஒரு மரியாதையான கடிதத்தில் எழுத முடியாது. அப்பேர்ப்பட்ட வெர்னாவிடம் கல்லை ஒப்படைக்கிறாள் என்றால், இவள் உள்ளுக்குள் எதையோ விட்டுவிட்டாள் என்று அர்த்தம். நான் பயந்துபோனேன், அம்மா. சந்தை நாள் வருவதற்குள் இவளை வாசற்படி தாண்ட வைக்காவிட்டால் இனி தாண்டவே மாட்டாள் என்று தோன்றியது.

அப்போதுதான் தங்கள் பேட்டர்னை மருந்துக்கடைப் பத்திரிகை அடுக்கில் பார்த்தேன். 'கோடைக்கேற்ற இதமான பாவாடை. இடுப்பை உறுத்தாது. மிக எளிது. இரண்டே மணி நேரம்.' இந்த 'இரண்டே மணி நேரம்' பற்றிப் பிறகு வருகிறேன். எங்கள் பக்கத்தில் எதையும் மூன்று தரம் கேட்க வேண்டும். முதல் தரமே சரி என்று சொல்கிறவர்களை நாங்கள் வெளியூர்க்காரர்கள் என்று புரிந்துகொள்வோம்.

"உனக்கு ஒரு பாவாடை தைச்சுத் தரட்டுமா?" என்றேன்.

"வேண்டாம், எதுக்கு" என்றாள்.

காப்பி குடித்தோம். "லேசா, உறுத்தாம ஒண்ணு தைக்கலாம்" என்றேன்.

"உனக்கு எதுக்கு வீண் சிரமம்."

கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். "எனக்கு ஒரு சிரமமும் இல்ல."

"சும்மாதான் இருக்கேன்னா தையேன்" என்றாள். அனுமதி கிடைத்தது.

துணிக்கடை வைத்திருப்பதும் அதே வெர்னாதான். உறையில் சொன்னபடி மூன்று கஜம் பருத்தி கேட்டேன். நீல நிறத்தில் சின்னச் சின்னப் பாய்மரப் படகுகள் போட்டது. ஏரி, மீன், படகு என்றால் எனக்கு உயிர். "யார் தைக்கப் போறா?" என்றாள் வெர்னா. "நான்தான்" என்றேன். "ஓ" என்றாள். எங்கள் ஊரில் 'ஓ'வுக்குப் பல நீளங்கள் உண்டு. இது கொஞ்சம் நீளமாகவே இருந்தது. ஒன்றாம் பக்கத்தில் சொன்னபடி துணியை நனைத்து, காயப்போட்டு, இஸ்திரி போட்டு, சாப்பாட்டு மேசை மேல் இரட்டையாக மடித்து விரித்தேன். பிறகு தங்கள் தாளைப் பிரித்தேன். வெங்காயச் சருகு மாதிரி இருக்கிறது, மூச்சு விட்டால் பறக்கிறது. ஆனால் அம்மா, என்ன அருமையான வரைபடம்! கோடுகள், புள்ளிக்கோடுகள், முக்கோணங்கள், எண்கள். உருண்டையான ஒரு மனுஷியைத் தட்டையான தாளில் இறக்கிவைத்திருக்கிறீர்கள். பூமி உருண்டையைத் தாளில் இறக்க எங்கள் தொழிலில் எத்தனை நூற்றாண்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள் தெரியுமா? தங்கள் அலுவலகத்தில் இதை வரைந்தவர் யார் என்று அறிய ஆவல். அவரோடு ஒரு காப்பி குடிக்க வேண்டும்.

ஒன்றாம் பக்கத்தின் கடைசி வரி: 'ஒவ்வொரு துண்டையும் அதன் அம்புக்குறிப்படி துணியின் மேல் வைக்கவும்.' அதோடு பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கம் இல்லை. பரவாயில்லை, அம்புக்குறியை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பத்தாறு வருடம் நான் தொட்ட ஒவ்வொரு வரைபடத்திலும் ஓர் அம்புதான் இருந்தது, அது வடக்கைத்தான் காட்டியது. தங்கள் அம்புக்கு மட்டும் இரண்டு பக்கமும் முனை இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்தேன். பூமத்திய ரேகைக்குக் கீழே, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் தைக்கிறவர்களுக்கும் சேர்த்து அச்சிட்டிருக்கிறீர்கள் என்று புரிந்தது. தங்கள் முன்யோசனையை மெச்சினேன். (ஊகம் சரிதானா? இது என் முதல் சந்தேகம்.)

இதில் ஒரு சிக்கல். எங்கள் வீடு வடக்கு பார்த்த வீடல்ல, தண்டவாளத்துக்கு இணையாகக் கட்டிய வீடு. தண்டவாளம் கோணலாகப் போகிறது. ஆகவே வீடும் கோணல், மேசையும் கோணல். ஓக் மரத்து மேசை, நகர்த்த நாலு ஆள் வேண்டும். சரி, மேசை இருந்தபடி இருக்கட்டும் என்று திசைகாட்டியை எடுத்து வந்து துணியின் நடுவே வைத்தேன். முள் பைத்தியம் பிடித்ததுபோல் ஆடியது. கத்தரிக்கோல்! அதைக் கொண்டுபோய்க் குளிர்பெட்டி மேல் வைத்தேன். மறுபடி ஆடியது. குண்டூசி டப்பா! அதைத் தாழ்வாரத்தில் வைத்தேன். இன்னும் ஆடியது. தையல் மிஷின்! அதை அடுத்த அறைக்குத் தூக்கிக்கொண்டு போனதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. குண்டூசி குத்த முடியாததால் தாள்களை சர்ச் பாட்டுப் புத்தகங்களால் அழுத்தி, காந்த வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் உள்ள சில பாகை வித்தியாசத்தையும் கழித்து, முழங்காலிட்டு, ஒரு கண்ணை மூடி, ஒவ்வொரு அம்பையும் துல்லியமாக வடக்கே திருப்பினேன். முன்னறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "என்ன ஆச்சு?" என்றேன். "இருமல்" என்றாள் ஆர்டிஸ். ஜூலையில் இருமல். எனக்குக் கவலையாக இருந்தது.

அப்படி வைத்ததில் துணி பத்தவில்லை. துண்டுகள் கோணலாகப் படுத்து, ஓரங்கள் துணிக்கு வெளியே தொங்கின. மூன்று கஜம் என்று எந்தக் கணக்கில் போட்டீர்கள்? மறுபடி வெர்னா கடைக்குப் போனேன்.

"மூணு கஜம் பத்தலியா?" என்றாள்.

"எல்லாத்தையும் வடக்க பார்த்து வெச்சா எப்படிப் பத்தும்?" என்றேன்.

வெர்னா கத்தரியைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். "வடக்க" என்றாள்.

"அம்பு போட்டிருக்கே."

"ஆமா... அதுவும் ஒரு வழிதான்" என்று சொல்லி ஒன்றரை கஜம் வெட்டிக் கொடுத்தாள். நான் வீட்டுக்குள் நுழையும்போது தொலைபேசி ஒலித்துக்கொண்டிருந்தது. ஆர்டிஸ் எடுத்தாள். "ம்... ம்... தெரியும்... பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்... ஐயோ, சொல்லாத!" என்று வைத்துவிட்டாள். யார் என்று கேட்டேன். "வெர்னா. ரொட்டி சமாச்சாரம்" என்றாள். பெண்கள் ரொட்டிப் பக்குவத்தை இப்படி மூடி மறைப்பதை நான் எப்போதும் வியந்திருக்கிறேன்.

இனி தையல். உறை சொன்ன இரண்டு மணி நேரத்தில் நான் நூலைக் கோத்து முடித்தேன். மிஷின் ஆர்டிஸுடையது. முன்னறையிலிருந்து அவள் வழி சொன்னாள். "இடது பக்கக் கொக்கியில மாட்டு. அது இல்ல, இன்னொரு இடது." எனக்குத் தெரிந்து இடது ஒன்றுதான். "என்னாலே இங்கிருந்து பார்க்க முடியல" என்று சொல்லி நாற்காலியை இழுத்துக்கொண்டு அறையின் நடுவுக்கு வந்தாள். ஒன்பது அடி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாவாடையின் நீளத்தைத் தரையிலிருந்து அளக்க ஒரு நிலையான புள்ளி வேண்டும் அல்லவா, அதை நான் அவள் நாற்காலிக் காலில் குறித்துவைத்திருந்தேன். புள்ளி நகர்ந்துவிட்டது. திரும்பக் குறித்தேன். ஜூலை பன்னிரண்டாம் தேதி, ஜன்னலில் வெயில் அடிக்கிறதென்று நாற்காலி, முன்னறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் உள்ள வளைவு வாசலுக்கு வந்தது, இன்னும் ஏழு அடி. பதினாறாம் தேதி, ரேடியோ கேட்கவில்லை என்று சாப்பாட்டு அறைக்குள்ளேயே வந்தது, இன்னும் ஆறு அடி. ரேடியோ முன்னறையில் இருக்கிறது. நோயாளியிடம் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். ஆனால் ஒரு சர்வேயருக்கு இதைவிடக் கொடுமை கிடையாது.

முன்பக்கத் துண்டை மேசை விரிப்போடு சேர்த்துத் தைத்தேன். பிரித்தேன். பாக்கெட்டை வெளிப்பக்கம் வைத்துத் தைத்தேன். பிரித்தேன். உள்பக்கம் வைத்துத் தைத்ததில் வாய் மூடிக்கொண்டது. "பத்திரமான பாக்கெட், யாரும் திருட முடியாது" என்றாள் ஆர்டிஸ், என் பக்கத்திலேயே உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டு. எல்லாம் சேர்த்துத் தூக்கிப் பார்த்தபோதுதான் படகுகளைக் கவனித்தேன். ஒரு படகும் நேராக நிற்கவில்லை. இடப்பக்கப் படகுகள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கப் படகுகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து, நட்ட நடுவில் மோதிக்கொள்ள வந்துகொண்டிருந்தன. பின்பக்கமும் அதே விபத்து. வடக்கு சரியாகத்தான் இருந்தது, இரண்டு தரம் பார்த்தேன். துணியில் படகை அச்சடித்தவர் தவறா, தங்கள் தவறா என்று தெரிய விரும்புகிறேன்.

அடுத்தது இன்னும் விசித்திரம். பாவாடையைக் கதவில் தொங்கவிட்டேன். மறுநாள் காலை அளந்தால் இரண்டு பக்கமும் முக்கால் அங்குலம் வளர்ந்திருக்கிறது! அதற்கடுத்த நாள் இன்னும் அரை அங்குலம். நான் வாழ்நாளில் வேலி நகர்ந்து பார்த்திருக்கிறேன், ஆற்றங்கரை நகர்ந்து பார்த்திருக்கிறேன், ஆனால் அவற்றுக்குப் பின்னால் ஒரு பக்கத்து நிலத்துக்காரன் இருப்பான். இங்கே யாருமில்லை. தானாக வளர்கிறது. நோட்டுப் புத்தகத்தில் தேதி வாரியாகக் குறித்து, படம் போட்டு, ஆர்டிஸிடம் காட்டினேன். பூமியின் சுழற்சி காரணமாக இருக்குமோ என்று கேட்டேன். அவளுக்கு மறுபடி இருமல் வந்தது. இந்த முறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டாள். தண்ணீர் கொண்டுவந்தேன். கண்ணில் நீர் வழிய, "போ ஹால்வர், போய் இன்னொரு தரம் அள" என்றாள். நான்காம் நாள் வளர்ச்சி நின்றது. கீழ் விளிம்பைத் தரைக்குச் சமமாக வெட்டி மடித்துத் தைத்தேன். இந்த ஒரு வேலையை மட்டும் நான் சரியாகச் செய்தேன் என்று யார் முன்னாலும் சொல்வேன். சமமட்டம் என் தொழில்.

சனிக்கிழமை காலை. பாவாடையை நாற்காலி முதுகில் போட்டேன். மூன்று தரம் கேட்பதற்கு ஏற்ற நேரக் கணக்கோடு, ஒரு குடுவை காப்பியும் போட்டுவைத்திருந்தேன். "போட்டுப் பார்க்கிறியா?" என்றேன்.

"சரி" என்றாள்.

திருமதி ஹாட்லி, கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருடம். என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டபோதுகூட மூன்றாவது தரம்தான் சரி என்றாள், அதுவும் அவள் அப்பா வந்து, பசங்களா, மாட்டுக்குத் தண்ணி காட்டணும், சீக்கிரம் முடிங்க என்று சொன்ன பிறகு. முதல் தரத்திலேயே சரி! எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காப்பியை எடுத்துக் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டேன். அவள் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். பட்டியை இழுத்துவிட்டாள், அது மெத்தென்று இழுபட்டு மெத்தென்று திரும்பியது. "உறுத்தவே இல்ல, ஹால்வர்" என்றாள். பிறகு, "என் ரொட்டிக்குச்சி எங்க?" என்றாள். கல்லில் ரொட்டியைத் திருப்புகிற அந்த நீளக் குச்சியை மூன்று மாதத்துக்குப் பிறகு கேட்கிறாள். நான் ஓடினேன்.

சந்தையில் வெர்னா ஏற்கனவே கல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஆர்டிஸைப் பார்த்ததும் நகர்ந்து வெண்ணெய் தடவும் இடத்துக்குப் போய்விட்டாள். முகத்தில் வருத்தமே இல்லை, அதுவும் எனக்குப் புரியவில்லை. சர்ச் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பாவாடையைப் பார்த்தார்கள். "வித்தியாசமா இருக்கே" என்றார்கள். எங்கள் ஊரில் இதற்கு மேல் திட்டு கிடையாது. இந்த வார்த்தைக்காக ஒருவன் தன் வீட்டுக்கு இரண்டாம் தரம் பெயின்ட் அடித்திருக்கிறான். எனக்கு உள்ளங்கால் வரை கூசியது. ஆனால் ஆர்டிஸ் ஒவ்வொருவரிடமும் மாவு அப்பிய கையோடு சுற்றிக் காட்டி, "ஹால்வர் தைச்சது. ஹால்வரேதான்" என்றாள். சாயங்காலம் வரை சொன்னாள். நாள் முழுக்க நின்றாள், ஒரு தரம்கூட உட்காரவில்லை. நான் வெண்ணெய் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் கண் கலங்கியிருந்தது. வெர்னாவிடம் கல்லின் புகை என்று சொன்னேன். "ஆமா, இன்னைக்குப் புகை ஜாஸ்தி" என்றாள்.

ஆக, பாவாடை நன்றாகவே இருக்கிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். இருந்தாலும் தங்களிடம் வேண்டுவது: விடுபட்ட இரண்டாம் பக்கத்தை அனுப்பிவைக்கவும். துணியின் அளவை நாலரை கஜம் என்று திருத்தவும். அம்புக்குறியின் பக்கத்தில் 'வடக்கு' என்று தெளிவாக எழுதவும். எல்லோரும் சர்வேயர்கள் அல்லவே, விவரம் தெரியாதவர்கள் அதைத் தெற்கிலோ மேற்கிலோ வைத்துவிட்டால் துணி பாழ். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நேர்க்கோட்டில் நடந்து நீண்ட நாள் வாழவும், தங்கள் ஊசிகள் முனை மழுங்காமல் இருக்கவும், தங்கள் சோளம் நன்றாக விளையவும் (நகரத்தில் சோளம் உண்டா என்று தெரியவில்லை) பிரார்த்திக்கும்,

தங்கள் பணிவுள்ள,
ஹால்வர் டோலஃப்சன்
(மாவட்ட சர்வேயர், ஓய்வு)

பி.கு.: இதை ஆர்டிஸ் தானே நடந்துபோய்த் தபாலில் போடுகிறேன் என்கிறாள். தபால் நிலையம் கால் மைல். நான் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

இன்னொரு பி.கு.: திருமதி ஹாட்லிக்கு ஆர்டிஸ் எழுதுவது. அவர் ஒட்டிக் கொடுத்த உறையை வெந்நீர் ஆவியில காட்டிப் பிரிச்சுட்டேன், மன்னிக்கணும். மேல இருக்கிற புகார் எதையும் கணக்குல எடுத்துக்காதீங்க. பக்கம் ரெண்டு உங்க பேட்டர்ன் உறைக்குள்ளயே ஒட்டிக்கிட்டு இருந்தது. அதுக்கப்புறம் மூணு வாரமா என் நாற்காலி மெத்தைக்கு அடியில இருந்தது, நான் அது மேலதான் உட்கார்ந்திருந்தேன். இவர் கத்தரிக்கோலைக் குளிர்பெட்டி மேல கொண்டுபோய் வெச்சப்போ எட்டிப் பார்த்தேன். திசைகாட்டியோட முழங்கால் போட்டு ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டிருந்தார். மே மாசத்துக்கு அப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சேன், தையல் போட்ட இடம் பிச்சுக்கிட்டுப் போற மாதிரி இழுத்தது. அவர் கை கழுவப் போனப்போ நானே எழுந்துபோய் உறைக்குள்ள துழாவி அந்தத் தாளை எடுத்துப் படிச்சேன். 'அம்புக்குறி துணியின் கரைக்கு இணையாக இருக்க வேண்டும்'னு முதல் வரியிலேயே இருக்கு. துணிக்கரை எனக்குச் சின்ன வயசுலேர்ந்து தெரியும். சொல்லியிருந்தா ஒரு மணி நேரத்துல நேரா வெட்டி முடிச்சுட்டு ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருப்பார். நான் சரக்கு ரயிலப் பார்த்துக்கிட்டு இருந்திருப்பேன். அடுத்து என்ன பண்ணுவாரோன்னு எனக்கு ஆவல் தாங்கல, அதான் நாற்காலியை இழுத்துக்கிட்டு வந்தேன். துணியைக் கோணலா வெட்டினா இழுபடும், தொங்கும், அதனாலதான் இடுப்புல இவ்வளவு மெத்துனு இருக்கு. இதையும் அவருக்குச் சொல்லாதீங்க. வெர்னாவுக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணுமாம், வடக்க பார்த்தே வெட்டணுமாம்.

அம்பு பக்கத்துல எதையும் எழுதாதீங்க. அடுத்து தனக்கு ஒரு சட்டை தைக்கப் போறேங்கிறார், அதுக்கும் உங்க பேட்டர்ன்தான் வாங்குவார். நீங்களே பக்கம் ரெண்டை எடுத்துட்டு அனுப்பினா எனக்கு ஒரு வேலை மிச்சம். என் நாற்காலியை நேத்து பழையபடி ஜன்னலோரமே கொண்டுபோய்ப் போட்டுட்டேன். மனுஷன் இன்னும் அளந்து பார்க்கல. அதுல உட்கார எனக்கும் நேரமில்ல.